பாலத்துக்கு முந்தின ஸ்டாப்

அடுத்த நொடி என்ன ஆகும் என்று ஆண்டவனுக்கே தெரியாத விஷயங்களுக்குக் கணக்குப் போடுகிற படிப்பு ஒன்று உண்டு. தற்செயல் வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று பெயர். அதை முழுமனதாய்ப் படித்து, அதைவிட முழுமனதாய் நம்பியும்விட்ட மூன்று பேர் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். மங்கையர்க்கரசி, ஆரோக்கியசாமி, கமருதீன்.

பேராசிரியை ரங்கநாயகி ஒருநாள் ‘நிறுத்த நேரம்’ என்ற பாடத்தை நடத்தினார். “எங்கே நிறுத்தணும்னு இதுவரைக்கும் நடந்ததை வச்சுத்தான் முடிவு பண்ணணும். நடக்கப்போறதை எட்டிப் பார்க்கவே கூடாது.”

அன்றிலிருந்து ஆராய்ச்சி அறையில் பால் பொங்கி வழியாத நாள் இல்லை.

“பொங்குறதுக்கு முன்னாடி இறக்குங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று கத்தினார், அறையைப் பெருக்கும் பேச்சியம்மாள்.

“பொங்கினப்புறம்தானேக்கா முன்னாடி எதுன்னு தெரியும்?” என்றான் ஆரோக்கியசாமி பரிதாபமாக.

மழைக்கு முன்னால் ஜன்னலைச் சாத்தச் சொன்னார் பேச்சியம்மாள். மழை பெய்து ஓய்ந்து, பெய்தது மழைதான் என்று மூவரும் கூடி முடிவெடுத்தபின் சாத்தினார்கள்.

இப்படியிருக்க வாய்மொழித் தேர்வு வந்தது. மங்கை ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இதிலும் தோற்றால் அத்தானின் டைல்ஸ் கடையில் பில் போட உட்கார வேண்டும். அத்தான் அவளுக்காக ஸ்டூல்கூட வாங்கிவிட்டார்.

தேர்வு, ஆற்றங்கரைக் கல்லூரி ஒன்றில். பஸ்ஸில் கண்டக்டர், “பாலத்துக்கு முந்தின ஸ்டாப்புல இறங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மூவர் முகமும் வெளுத்தது.

“முந்தின ஸ்டாப்பா?” என்றான் கமருதீன். “பாலம் வந்தாத்தானே அது முந்தினது?”

“எட்டிப் பார்க்கச் சொல்றாரு, மங்கை” என்றான் ஆரோக்கியசாமி. “ நாம அதுக்குப் போற ஆளுங்களா?”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. பூக்கூடை வைத்திருந்த பெண்மணி, “இதாம்மா காலேஜ், இறங்குங்க. அடுத்தது பாலம்” என்றார்.

“எப்படிச் சொல்றீங்க?” என்றாள் மங்கை.

“தெனமும் வர்றேனே.”

“நேத்துவரைக்கும் வந்திருக்கீங்க” என்று மங்கை மரியாதையாகத் திருத்தினாள்.

பஸ் புறப்பட்டது. பாலம் வந்தது. கீழே ஆறு, கோடையில் மெலிந்து, ஒரு நூலாய்க் கிடந்தது. தன் வாழ்க்கையில் எல்லாப் பாலங்களும் இப்படித் தாண்டிய பிறகே தெரிந்தன என்று மங்கை நினைத்துக்கொண்டாள். உடனே மூவரும் குதூகலமாகக் கத்தினார்கள்: “தெரிஞ்சுபோச்சு! முந்தினது அதுதான்!”

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, பாலத்தின் மேல் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள்.

தேர்வாளர் பரமேசுவரன் கடிகாரத்தைப் பார்த்தார். “தாமதமா வந்ததுக்கு ஒரே நிபந்தனை. கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னதும் கிளம்பிடணும். அதுக்கு முன்னாடி யார் எழுந்தாலும் ஃபெயில்.”

கேள்விகள் கேட்டார். மூவரும் பிரமாதமாகச் சொன்னார்கள். மங்கை உட்கார்ந்தபடியே தாளை நிரப்பி நீட்டியபோது, அவர் பேனாவை மூடினார்.

யாரும் எழவில்லை.

“என்ன, கிளம்பலையா?”

“இல்லை சார்” என்றாள் மங்கை. பதில் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

“ஏன்?”

“இதோ, இன்னொரு கேள்வி” என்று கமருதீன் ஆரோக்கியசாமியிடம் கிசுகிசுத்தான். “நல்லவேளை எழுந்திருக்கலை.”

“அம்மா, கேள்வியெல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே கேட்க மாட்டேன்.”

“மாட்டேன்கிறது எதிர்காலம் சார்” என்றாள் மங்கை. அவள் கண்ணுக்குள் அந்த ஸ்டூல் நின்றது. “அதை எட்டிப் பார்த்து நான் எழுந்துட்டா ஃபெயில் ஆயிடுவேன்.”

பரமேசுவரன் மூடிய பேனாவைத் திறந்தார். முப்பது வருஷமாய் அதே பாடத்தை நடத்துகிறவர். எங்கே தப்பு என்று தாளில் போட்டுப் பார்த்தார். தாளைத் திருப்பியும் போட்டுப் பார்த்தார்.

“நீ சொல்றது சரிதாம்மா” என்றார் கடைசியில் தளர்ந்துபோய். “நான் எழுந்து போனாலும் திரும்பி வந்து கேட்கலாம். நானும் உட்கார்ந்துதான் பார்க்கணும்.”

நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் கல்லூரி ப்யூன் சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார்.

“சார், நான் கிளம்பறேன். உங்கள்ல கடைசியா போறவங்க ஃபேனை அணைச்சிடுங்க.”

நால்வரும் மெல்ல நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார்கள்.

“கடைசியாவா?” என்றார் பரமேசுவரன்.