கடலைக்கு உண்டான எண்

மலையடிவார மடத்துக்கு வந்தபோது கொளஞ்சியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. எடை தொண்ணூற்றாறு கிலோ. குரு உமையாள் அம்மாவுக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர், மகள் வயதுக்காரியின் முன்னால் கைகட்டி நின்றார்.

"என்ன வேணும் ஐயா?"

"உடம்பு இறங்கணும்மா. சர்க்கரையும் ஏறிக் கெடக்கு. ரெண்டு மாசத்துல குறையலைன்னா ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டார். இதே நோய்லதான் என் தம்பிக்கு ஒரு காலை எடுத்தாங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கிளைசெமிக் குறியீடு என்று தலைப்பு. எந்தச் சாப்பாடு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதை எண்ணாகச் சொல்லும் பட்டியல்.

"முழுக்க மனப்பாடம்மா. வெள்ளை அரிசிக்கு எழுபதுக்கு மேல, கொண்டைக்கடலைக்கு முப்பது சொச்சம். ஆனா ரெண்டும் வயித்தை நிரப்புற சமாச்சாரம்தானே? அதுல என்ன வித்தியாசம்?"

அம்மா தாளை வாங்கவில்லை.

"நாளைக்கு மலை ஏறுவோம்."

விடிந்ததும் அவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தார். குழைய வேகவைத்த பச்சரிசி, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. கொளஞ்சியப்பன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு விறுவிறுவென்று படியேறினார். பாதி வழியில் இருந்த கல்மண்டபத்தை எட்டியபோது வயிறு கூப்பிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தின்ன ஏதாச்சும் இருக்காம்மா?"

"கீழேதான் இருக்கு."

இருவரும் திரும்பினார்கள்.

மறுநாள் அதே கிண்ணத்தில் அவித்த கறுப்புக் கொண்டைக்கடலை. மென்று முடிக்கவே நேரம் பிடித்தது. நிதானமாக ஏறினார்கள். உச்சியில் சுனைத் தண்ணீரை அள்ளி முகம் கழுவிய பிறகுதான், மண்டபத்தைக் கடந்து வந்ததே கொளஞ்சியப்பனுக்கு உறைத்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"பசிக்குதா ஐயா?"

"அந்த நெனப்பே இல்லைம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த நாளுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அதன் பிறகு ஒரு நாள் தவறாமல் மலை ஏறினார். மூன்று வேளையும் கடலை, பயறு, கீரை. இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போய்விட்டு மத்தியானம் மடத்துக்குத் திரும்பியவர், நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். அம்மா அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை இறங்கிடுச்சும்மா. ஊசி வேண்டாம்னுட்டார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்துக் கடலைப் பானையருகே போய் நின்றார்.

"ஆனா எடை மட்டும் அரைக் கிலோதான் குறைஞ்சிருக்கு. பட்டியலைத் தாண்டி நான் ஒண்ணையும் தொடலை. கடலைக்கு எண் அவ்வளவு கம்மியாச்சே, அப்புறம் ஏம்மா?"

பேசிக்கொண்டே ஒரு கரண்டி போட்டார். இன்னொன்று போட்டார். மூன்றாவதை அள்ளினார்.

அம்மா அந்தத் தட்டைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"எண் கடலையோடது ஐயா. தட்டு உங்களோடது."

கொளஞ்சியப்பனின் கை பானைமேல் அப்படியே நின்றது. கரண்டியைப் பானைக்குள் கவிழ்த்துவிட்டு வந்து, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, நிதானமாக மெல்லத் தொடங்கினார்.