கட்டியக்காரன் வாய் திறக்காத காலை

முன்னொரு காலத்தில், வா என்றால் மழை வந்து, போதும் என்றால் நின்றுவிடுகிற ஒரு நல்ல நாடு இருந்தது. அதை ஆண்ட முத்துவீர ராயருக்குக் குறை ஒன்றும் கிடையாது. குறை இல்லாத ராஜாவுக்கு வேறென்ன வரும்? ஆசைதான் வரும். ஒரு மழைநாளில் குளத்துத் தவளைகள் ஒரே குரலில் கத்துவதைக் கேட்டவர், "நம் நாட்டுப் பிள்ளைகளும் இப்படி ஒன்றாகக் குரலெடுத்துப் படித்தால் காதுக்கு எவ்வளவு சுகமாக இருக்கும்!" என்றார். அவ்வளவுதான். அடுத்த மழைக்குள் தாமரைக்குளக் கரையில் ஒரு கலாசாலை எழும்பிவிட்டது. அவைப் புலவர் அகோரப் பண்டிதர் அதற்குத் தலைமை ஆசான் ஆனார். ஊர் ஊராகப் பிள்ளைகள் துணி மூட்டையோடு வந்து சேர்ந்தார்கள்.

அந்த அவையில் ஆவுடைநம்பி என்று ஒரு விகடன் இருந்தான். கோட்டை கட்டும்போது கல் சுமந்தவன். சுமையோடு நின்று அவன் சொன்ன ஒரு பதிலுக்கு ராஜா சிரித்த சிரிப்பு அடங்காமல் போக, கல்லை இறக்கியதும் நேரே அவைக்குள் கூட்டிவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து பண்டிதருக்கு வயிற்றெரிச்சல். அவர் மூச்சுப் பிடித்து நூறு பாட்டுப் பாடினால் ராஜா கொட்டாவி விடுவார். இவன் தும்மினாலே சிரிப்பார்.

கலாசாலை திறந்ததும் பண்டிதருக்கு வழி கிடைத்தது.

"மன்னவா, எழுத்தறியாத ஒருவன் இந்த அவையில் அமர்வது தங்கள் புகழுக்கு மாசு. ஆவுடைநம்பியும் முதலாண்டு மாணவர்களோடு அமர்ந்து நீதிநூல் கற்கட்டும்."

ராஜாவுக்கு இது புது விளையாட்டு. கைதட்டினார். "அருமை! ஆவுடை, இன்றே போய்ச் சேர்!"

"ஒரு சட்டமும் உண்டு மன்னவா. ஆண்டு முடிவில் நடக்கும் கலாசாலை விழாவில் கற்றதை ஒப்பிக்க முடியாதவரைக் கழுதை மேல் வால்பக்கம் பார்த்து உட்கார வைத்து, வீதி வழியே கோட்டைக்கு வெளியே அனுப்ப வேண்டும். பாரபட்சம் கூடாது. அனைவருக்கும் பொது."

"அனைவருக்கும் பொது!" என்று ராஜா முத்திரை குத்திவிட்டார்.

அவையே ஆவுடைநம்பியைப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்து வைத்தான். உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. கல்வெட்டுக் கற்களைத் தலையில் சுமந்தவன் அவன். அதில் என்ன வெட்டியிருக்கிறது என்று கேட்டதற்கு, "உனக்கெதற்கு? நடடா" என்றுதான் பதில் வந்திருக்கிறது. இப்போது ராஜாவே படி என்கிறார்! கழுதை வந்தால் வரட்டும், அதற்குள் எழுத்து வந்துவிடாதா?

நரை தட்டிய தலையோடு, மீசை அரும்பாத பிள்ளைகளுக்கு நடுவே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

முதல் நாளே பண்டிதர் கட்டளையிட்டார். "கலாசாலைக்குள் சுவடியிலிருந்து எவரும் கண்ணை எடுக்கக் கூடாது. பார்த்துக்கொண்டே இருந்தால் பாடம் தானாகப் பதியும்."

ஆவுடைநம்பி சொன்னால் சொன்னபடி நடக்கிறவன். தலைப்பாகையில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, அதன் நுனியில் சுவடியைக் கட்டி மூக்குக்கு நேரே தொங்கவிட்டுக்கொண்டான். கண் சுவடியை விட்டு விலகவே இல்லை. கஞ்சிக் கலயத்தைப் பண்டிதர் மடியில் கவிழ்த்தான். வாசல் என்று நினைத்துத் தூணில் முட்டினான். கடைசியில் படிக்கட்டென்று கால் வைத்துத் தாமரைக்குளத்தில் விழுந்து, சுவடியும் தானுமாக மிதந்தான்.

"என்னடா இது கோலம்!" என்று பண்டிதர் கரையில் நின்று குதித்தார்.

"சட்டப்படிதான் மிதக்கிறேன் ஐயா. கண்ணை இன்னும் எடுக்கவில்லை!"

செய்தி அரண்மனைக்குப் போனது. ராஜா சிரித்த சிரிப்பில் மருத்துவர் வர வேண்டியதாயிற்று. பண்டிதர் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். உண்ணும்போது கண்ணை எடுக்கலாம். ஆனால் திறந்த சுவடியைப் பொழுது சாயும்வரை மூடக் கூடாது.

நாட்கள் ஓடின. பண்டிதர் ஓர் அடி சொல்வார், எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். கலாசாலையே அதிரும். குளத்துத் தவளைகள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டன. ஆவுடைநம்பியும் தொண்டை கிழியக் கத்தினான். ஆஹா, எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றும். வெளியே வந்தால் ஓட்டைக் கூடையில் மண் சுமந்த கதைதான். தலை பாரமாக இருக்கும், கூடையில் ஒன்றும் இருக்காது.

ஒரு மதியம் மரத்தடியில் கஞ்சிக்கு உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் முகமெல்லாம் வாடிக் கிடந்தது. சிரிக்க வைக்கலாம் என்று ஆவுடைநம்பி தலைப்பாகையைக் கிரீடம்போலக் கோணலாக வைத்துக்கொண்டு, உப்புச் சட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்தான்.

"யாமே முத்துவீர ராயர்! காலையில் படித்ததைச் சொல்பவர்க்கு உப்பு. சொல்லாதவர்க்கு வெறுங்கஞ்சி!"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"நெசமாவே ஒண்ணும் வரலியே அண்ணாச்சி!" என்று பதறினாள் பேச்சி. சுண்ணாம்புக் காளவாசல்காரர் மகள் அவள். அவள் தெருவே காசு சேர்த்துச் சேலை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தது. கழுதை கோட்டை வாசலுக்குப் போகிற வழியும் அந்தத் தெருதான். "காலையில அம்புட்டுக் கத்துனோமே!"

"கத்தினது நாம இல்ல தாயி. பண்டிதர் வாயப் பார்த்து நம்ம வாய் கத்துச்சு. சரி, உப்பு வேணுமா வேண்டாமா? சுவடிய மூடு. முட்டி மோதிச் சொல்லு பாப்போம்."

பேச்சி கண்ணை இறுக்கிக்கொண்டாள். ஒரு சொல் வந்தது. பக்கத்தில் இருந்தவன் இன்னொன்றைப் போட்டான். "அது இல்லலே, அதுக்கு முந்தி ஒண்ணு வரும்!" என்று மூன்றாமவன் சண்டைக்கு வந்தான். சுவடியைத் திறந்து பார்த்தால் மூன்று பேரும் தப்பு! ஒரே கூச்சல். ஆனால் வேடிக்கை பாருங்கள், தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்ட அந்த அடி, பிறகு எவனுக்கும் மறக்கவே இல்லை.

மறுநாள் கஞ்சிக்கு முன்னால், முந்தின நாள் அடியை முதலில் கேட்டார்கள். பாதி போயிருந்தது. இழுத்துப் பிடித்தார்கள். அதற்கடுத்த நாள் கொஞ்சம்தான் போயிருந்தது. "இதுக்கு என்னலே அர்த்தம்? எங்க ஆத்தாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்று பேச்சி மற்றவர்களை உலுக்குவாள். சொல்லத் தெரியாதவனுக்கு அன்று வெறுங்கஞ்சி. சொன்ன அடியைச் சுவடியோடு ஒத்துப் பார்த்துப் பார்த்து ஆவுடைநம்பிக்கு எழுத்தும் பிடிபட்டது. பாடம் ஏற ஏற அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீதியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி நீதி சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

பண்டிதர் காதில் விழாமல் இருக்குமா? ஒரு மதியம் பதுங்கி வந்து பார்த்தார். சுவடிகள் எல்லாம் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே எல்லோரையும் அவைக்கு இழுத்துப் போனார்.

"மன்னவா! சுவடியை மூடிவிட்டுச் சிரித்தார்கள். கல்விக்கு இதைவிட அவமதிப்பு உண்டா? விழாவரை காத்திருக்க வேண்டாம். இன்றே கழுதைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்!"

ராஜா முகம் கறுத்தது. "ஆவுடை, மூடிய சுவடியிலிருந்து கல்வி வரும் என்று நாளை காலை இந்த அவையில் நிரூபித்துக் காட்டு. இல்லாவிட்டால் நீயும் இவர்களும் கழுதை ஏற வேண்டியதுதான்."

பேச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நடக்காத காரியம் அல்லவா! மூடிய சுவடியிலிருந்து எப்படி எடுத்துக் காட்டுவது? ஆவுடைநம்பி தலையைச் சொறிந்துகொண்டு அவையைச் சுற்றிப் பார்த்தான். கண் கட்டியக்காரன் மேல் போய் நின்றது.

அந்த அவையில் ஒரு வழக்கம். தினமும் காலையில் கட்டியக்காரன் தடியைத் தட்டி ராஜாவின் மெய்க்கீர்த்தியை, அதாவது அவர் வென்ற போரையும் செய்த அறத்தையும் சொல்லும் பாட்டை, ஓங்கிச் சொல்வான். அவையோர் எல்லோரும் கூடவே சொல்வார்கள். சொல்லும்போது அவர்கள் கண் கட்டியக்காரன் வாயிலேயே இருக்கும். ஆவுடைநம்பி இத்தனை வருஷம் பார்த்தும் கவனிக்காதது இப்போது சட்டென்று பிடிபட்டது. மனசுக்குள் துள்ளிக் குதித்தான். முகத்தை மட்டும் பாவமாக வைத்துக்கொண்டான்.

"மன்னவா, நாங்கள் இதுவரை படிக்காத ஒன்றைக் கொடுங்கள். தங்கள் மெய்க்கீர்த்தியே போதும். கட்டியக்காரர் இன்று மாலை எங்களுக்குச் சொல்லட்டும். நாளை சுவடி இல்லாமல் ஒவ்வொருவராகச் சொல்கிறோம்."

பண்டிதர் வாய்விட்டுச் சிரித்தார். "மெய்க்கீர்த்தியா? நான் இயற்றியதாயிற்றே! தினமும் கேட்டுக் கேட்டு இந்த அவையின் தூண்கள்கூட அதைச் சொல்லும்."

"நாங்கள் தூணைவிட மட்டம் ஐயா. ஆகையால் நாளை மூத்தவர்கள் முதலில் சொல்லி எங்களுக்கு வழிகாட்ட வேண்டும். தனித்தனியாக. கட்டியக்காரர் மட்டும் வாய் திறக்கக் கூடாது."

"இதென்ன பிரமாதம்!" என்றது அவை. ராஜாவும் தலையசைத்தார்.

அன்று மாலை பிள்ளைகள் கட்டியக்காரனைச் சூழ்ந்துகொண்டார்கள். கேட்டார்கள், அர்த்தம் விசாரித்தார்கள், பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அவனைத் திரும்பி நிற்க வைத்துவிட்டுத் தாங்களே சொல்லிப் பார்த்தார்கள். தப்பினார்கள், திருத்தினார்கள், குளத்தைச் சுற்றி ஓடிவந்து மறுபடி சொன்னார்கள். இருட்டியும் ஆவுடைநம்பி விடுவதாக இல்லை. பேச்சிதான் அதட்டினாள்.

"போய்ப் படுங்க அண்ணாச்சி! தூங்காம சுமந்தா கல்லு கால்லதான் விழும்னு நீங்கதான சொன்னீக?"

அதே பொழுதில் பண்டிதர் தம் வீட்டில் சுவடியைப் பிரித்து மெய்க்கீர்த்தியின் மேல் கண்ணை ஓட்டினார். எல்லாம் பழகிய முகமாகவே சிரித்தது. "இதில் எனக்குத் தெரியாத சொல் எது?" என்று கட்டி வைத்துவிட்டார்.

விடிந்தது. அவை கூடியது. கட்டியக்காரன் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றான்.

முதலில் தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார். "செந்நெல் விளையும் சீர்நாடு காத்து..." என்று இடிபோல ஆரம்பித்தார். அடுத்த அடிக்குக் கண் கட்டியக்காரன் வாய்க்குப் போனது. அங்கே துண்டுதான் இருந்தது. தளபதிக்கு வியர்த்தது. "எதிர்த்த மன்னர் எழுவரைக் கண்டு... புறமுதுகிட்டு..."

"யார் புறமுதுகிட்டது? நானா?" என்று ராஜா சிம்மாசனத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

கருவூல அதிகாரி வந்தார். கீழைக் கடலில் ராஜா செலுத்திய கப்பல்களை எல்லாம் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்தவர் வடகரை நாட்டை எதிரிக்கே தூக்கிக் கொடுத்தார். கடைசியில் பண்டிதர் எழுந்தார். முதல் அடி வந்தது, இரண்டாம் அடி வந்தது. மூன்றாவது வரவில்லை. வேகமெடுத்துத் தாண்டிவிடலாம் என்று மறுபடி முதல் அடியிலிருந்து வந்தார். அதே இடத்தில் நின்றார். மறுபடி வந்தார். செக்கு மாடு மாதிரி அந்த இரண்டு அடியையே சுற்றிச் சுற்றி வந்து, தொண்டை கட்டி உட்கார்ந்துவிட்டார்.

"இப்போது பிள்ளைகள்" என்றார் ராஜா. குரல் சூடாக இருந்தது. "அந்தப் பெண் சொல்லட்டும்."

பேச்சி முன்னால் வந்து நின்றாள். கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"செந்நெல் விளையும் சீர்நாடு காத்து
வடகரை நாட்டை வாளால் கொண்டு
கீழைக் கடலில் கலம்பல செலுத்தி
எதிர்த்த மன்னர் எழுவரும் புறமுதுகிட..."

ஓர் இடத்தில் நின்றாள். அவள் உதடு அசைந்தது. தானே இழுத்துப் பிடித்தாள். கடகடவென்று கடைசிவரை போய்விட்டாள். ராஜா வேறொருவனைக் காட்டினார், அவனும் சொன்னான். நடுவிலிருந்து கேட்டார், அதையும் சொன்னார்கள். முடிவில் ஆவுடைநம்பி சொல்லி முடித்தபோது கட்டியக்காரன் துண்டை அவிழ்த்துவிட்டுக் கூத்தாடினான்.

ஆவுடைநம்பி கைகட்டி நின்றான். "மன்னவா, சட்டம் அனைவருக்கும் பொது. ஒப்பிக்க முடியாதவர் கழுதை ஏற வேண்டும். ஆனால் இத்தனை பெரியவர்களுக்கு ஊரில் கழுதை போதாது. அதுதான் யோசனை."

"பிடித்து வரச் சொல்! முதல் கழுதை பண்டிதருக்கு!"

"பொறுங்கள் மன்னவா. முதல் மரியாதை யாருக்கு என்று முடிவாகவில்லை. இந்தப் பாட்டைத் தினமும் கேட்டவர் இன்னும் ஒருவர் பாக்கி" என்று சொல்லிச் சிம்மாசனத்தைப் பார்த்துத் தலைகுனிந்தான்.

ராஜா வாயைத் திறந்தார். "செந்நெல் விளையும் சீர்நாடு காத்து..." கை தானாகக் கட்டியக்காரன் பக்கம் நீண்டது. அப்படியே நின்றது. பிறகு ராஜாவின் தொப்பை குலுங்கியது. சிரிப்பு வந்த வேகத்தில் கிரீடம் உருண்டு பண்டிதர் காலடியில் போய் விழுந்தது.

"கழுதைகள் பிழைத்துப் போகட்டும்! அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். பண்டிதரே, நாளையிலிருந்து நீரும் மரத்தடிக்குப் போய் இவர்களோடு சுவடியை மூடிப் பழகும். ஆவுடை, உனக்கு இந்த முத்துமாலை. பிள்ளைகளுக்குப் பட்டாடை. இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"கோட்டை வாசலில் நான் சுமந்து வந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது மன்னவா. போய்ப் படித்துவிட்டு வர உத்தரவு வேண்டும்."

ராஜாவும் கூடவே நடந்தார். அவையும் பிள்ளைகளும் பின்னால் ஓடினார்கள். ஆவுடைநம்பி கல்லின் மேல் விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினான். "செந்... நெல்... விளை..." விரல் நின்றுவிட்டது. அன்று கழுத்து வலிக்கச் சுமந்தது இந்தப் பாட்டைத்தானா! கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைக்காமலே இரண்டு கையாலும் கல்லை மூடிக்கொண்டு, பாட்டைக் கடைசிவரை உரக்கச் சொன்னான். பிறகு கையை எடுத்து, சரிதானா என்று எழுத்தோடு ஒத்துப் பார்த்தான். சரி!

"தள்ளு, தள்ளு, நானும் பார்க்கிறேன்" என்று ராஜா முன்னே வந்து தம் உள்ளங்கைகளால் கல்லை மூடினார். முதல் அடி வந்தது. இரண்டாவதில் பாதி வந்தது. அப்புறம் வானத்தைப் பார்த்தார்.

கூட்டத்துக்குள்ளிருந்து பேச்சி தன்னை மறந்து கத்தினாள்.

"மகாராசாவுக்கு இன்னைக்கு வெறுங்கஞ்சிதான்!"

கோட்டை வாசல் அதிர முதலில் சிரித்தவர் ராஜாதான். அன்று மதியம் மரத்தடியில் அவரும் சப்பணமிட்டு உட்கார்ந்து, உப்பில்லாக் கஞ்சியை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "எங்கே, இன்னொரு தரம் கேளுங்கள்!" என்றார்.