தயிர்சாதத்தில் மாத்திரை

ஆனையடி மடத்துச் சாமியாருக்கு மறதி நோய் முற்றிக்கொண்டே வந்தது. கூடவே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவர் சீடர் திருமேனிநாதன். வயதில் குருவுக்கும் மூத்தவர், பிடிவாதத்தில் ஊருக்கே மூத்தவர்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "இவ்வளவு மாத்திரை வேண்டாங்க. தூக்க மாத்திரையில ஆரம்பிச்சு மெள்ள மெள்ளக் குறைக்கலாம்."

சீடருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குறைக்கிறதுன்னா கைவிடுறதும்மா. இருக்கிற நினைவும் போயிட்டா?"

"சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவருக்கு என் பேரே தெரியல. அவர்கிட்ட என்னத்தைக் கேட்க?"

மாத்திரையைக் கண்டால் சாமியார் வாயை இறுக்கிக்கொள்வார். பிரசாதம் என்றால் மட்டும் மறுத்ததே கிடையாது. அதனால் சீடர் மாத்திரையைப் பொடித்து, தயிர்சாத உருண்டையில் ஒளித்து, பிரசாதம் என்று நீட்டுவார். இந்தச் சாமர்த்தியத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று மதியம் உருண்டையை வாங்கிய சாமியார், அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் சீடரின் முகத்தைப் பார்த்தார்.

"நீ சாப்பிட்டியாப்பா?"

"இன்னும் இல்ல சாமி."

"அப்ப இந்தா."

குரு தம் கையால் கொடுப்பதை மறுக்க முடியுமா? திருமேனிநாதன் மென்று விழுங்கினார். சற்று நேரத்தில் கூடத்திலேயே சாய்ந்துவிட்டார்.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. நாக்கு தடித்து, தலை கல்லாகக் கனத்தது. எங்கே கிடக்கிறோம் என்பதே பிடிபடவில்லை. இதையா தினமும் அவருக்கு ஊட்டினோம் என்று பகீரென்றது.

உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. எத்தனையோ மாதமாகப் பாட்டென்று வாய் திறக்காத சாமியார் தொடையில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். பாதியில் வரி மறந்துபோனது. வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்பினார், தானே சிரித்துக்கொண்டார், மறுபடி எடுத்தார். சீடருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சுவரைப் பிடித்துப் பிடித்து ஓடி, குருவின் எதிரே உட்கார்ந்தார்.

"சாமி, உங்க மாத்திரையைக் குறைக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. குறைக்கட்டுமா? பயமா இருக்கு."

சாமியார் தாளத்தை நிறுத்தினார்.

"யாருக்குப் பயம்?"

"எனக்குத்தான் சாமி."

"பயம் உனக்கு. மாத்திரை எனக்கா?"