ஒரே படிகத்தில் இரண்டு குணம்

காந்தத்துக்கும் மீக்கடத்திக்கும் ஆகாது. கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் ஓடவிடும் பொருள்தான் மீக்கடத்தி. வலுவான காந்தம் நெருங்கினால் அந்தக் குணம் கெட்டுவிடும். இரண்டும் ஒரே ஆக்சைடில் கூடிக் குடித்தனம் நடத்துகின்றன என்று ஆய்வு மாணவி அமுதவல்லி சொன்னால், எட்டிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது?

அவளுடைய ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "உங்க கையில இருக்கிறது பொடி. காந்தத் துகளும் மீக்கடத்தித் துகளும் தனித்தனியா கலந்து கிடக்கும். ஒரே படிகத்துல காட்டுங்க, பட்டம் தரலாம்."

பொடியை உருக்கி, அவசரப்படாமல் ஆறவிட்டால்தான் படிகம் வளரும். அமுதவல்லிக்குப் பலமுறை வெறும் கசடுதான் மிஞ்சியது. கடைசியில் துவரம்பருப்பு அளவில், கறுப்பாக, பளபளவென்று ஒன்றே ஒன்று வந்தது. உதவித்தொகை முடியப்போகிறது, இன்னொன்று வளர்க்க அவகாசமில்லை. இதில் ஒரு சிக்கல் வேறு. புதுப் படிகத்தில் ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் ஓடும் உலையில் மறுபடி சுட்டால்தான் அது மீக்கடத்தியாகும். சுடும்போது நொறுங்கியும் போகலாம்.

அளவிடும் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் நௌஷாத் வழி சொன்னான். "சுட்டதும் ரெண்டா வெட்டிடலாம் அமுதா. ஒரு துண்டுல காந்தம், இன்னொண்ணுல மின்தடை. ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

வழிகாட்டிப் பேராசிரியர் ஜெபக்கனிக்கு அது பிடிக்கவில்லை. "எதுக்கும்மா வெட்டணும்? சுடுறதுக்கு முன்னாலயே காந்தத்தை அளந்து வச்சிரு. அப்புறம் சுட்டு, மின்தடையைப் பாரு. நொறுங்கினாலும் பாதி முடிவாவது கையில நிக்கும்லா."

"முதல்ல சுட்டுடறேன் சார். பிழைச்சு வந்தா, வெட்டாம அதுலயே ரெண்டையும் பாக்கறேன்" என்றாள் அமுதவல்லி.

"போச்சுன்னா?"

"போச்சுதான் சார்."

மூவரில் நீங்கள் யார் பக்கம்? யார் சொன்னது சரி?

விடை: அமுதவல்லி சொன்னதே சரி. வெட்டினால், இந்தத் துண்டு வேறு, அந்தத் துண்டு வேறு என்று பழைய சந்தேகமே திரும்பி வரும். முன்பு ஒன்று, பின்பு ஒன்று என அளப்பதும் உதவாது. ஆக்சிஜன் ஏறிய படிகம் வேறு பொருள். அவள் சுட்டாள். படிகம் நொறுங்கவில்லை, மீக்கடத்தியாகவும் ஆனது. நௌஷாத் துள்ளிக் குதித்தான். பிறகு காந்தத்தை அளந்தார்கள். உலையில் வைக்கும் முன்பே அந்தப் படிகத்திலிருந்து உதிர்ந்து, சுடாமல் கிடந்த சில்லு ஒன்றில் காந்தம் இருந்தது; சுட்ட படிகத்தில் துளியும் இல்லை. சுடுவதற்கு முன்பே அளந்திருந்தால், சரியான இரண்டு அளவுகளை வைத்துக்கொண்டு ஒரு பொய்யை எழுதியிருப்பார்கள். அமுதவல்லி அழுதேவிட்டாள். ஜெபக்கனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கலம்மா" என்றார்.