சங்கு கேட்டு வந்தவர்கள்

பஞ்சாலை மூடிய ஊருக்கு வேலை கொடுக்க அரசாங்கம் புதுத் தொழிற்சாலை கட்டியது. சுவர் எழும்பியது, கூரை ஏறியது, பழைய ஆலையின் சங்கும் கூரைமேல் ஏறியது. மெஷின் மட்டும் வரவில்லை.

அமைச்சர் பார்வையிட வரும் நாளன்று திட்ட அதிகாரி கனகசபை, வாட்ச்மேன் தளவாயைப் பிடித்துக்கொண்டார். "அரை மணி நேரத்துல உள்ள தொழிலாளிங்க நிக்கணும். இல்லேன்னா நாளைலேருந்து நீ வீட்டுல நில்லு."

"ஆகட்டும் ஐயா" என்ற தளவாய், நேரே போய்ச் சங்கை ஊதினான்.

பிந்தி வந்தவனை வெளியே நிறுத்திய சங்கல்லவா அது! வேலை வந்துவிட்டதென்று ஊரே தூக்குச்சட்டியும் கையுமாக ஓடிவந்தது. வெறும் தரையைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பழைய பழக்கத்தில் வரிசையாக நின்றார்கள்.

அமைச்சர் பூரித்துப்போனார். "இவங்கள்லாம் எந்த மெஷின்ல வேலை செய்றாங்க?"

அதிகாரி திருதிருவென விழித்தார். தளவாய் கைகட்டிச் சொன்னான்: "அதிகாரி ஐயா ஆளுகளத்தான் கேட்டாங்க. மெஷினையும் கேட்டிருந்தா, அதுக்கும் ஒரு சங்கு ஊதியிருப்பேன்."

அதிகாரியின் முகம் செத்துப்போனது. அமைச்சரின் கார் வந்த வழியே திரும்பியது. தளவாய் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கு வந்தான்.

ஆலையில் அவனோடு வேலை பார்த்த இசக்கியம்மாள் அங்கே இன்னும் போகாமல் நின்றாள். சட்டியில் சோறு அப்படியே இருந்தது.

"மெஷின் நாளைக்கு வந்துரும்லாண்ணே? சங்கு இதே நேரந்தானே?"

அமைச்சருக்கே பதில் சொன்ன தளவாய் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைச் சாத்தினான்.