வைத்தியர் தூக்கிய கூடை

"தாயே, எனக்குப் பசிக்க மாட்டேங்குது" என்றார் வைத்தியர் பூதலிங்கம்.

உலகம்மை அடுப்படியில் உட்கார்ந்து இஞ்சித் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரை மடத்துக்கு அவள்தான் தலைமை. அவளுக்கு வயது முப்பத்து நாலு, வைத்தியருக்கு அறுபத்தொன்று. ஊரே அவளைத் தாயே என்று கூப்பிட்டதால் அவரும் கூச்சப்படாமல் அப்படியே கூப்பிட்டார்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

சீவிய இஞ்சியைக் கீழே வைத்தாள்.

"மூணு வருஷமாவா சாப்பிடல?"

"சாப்பிடுதேன். மணி பாத்துச் சாப்பிடுதேன். ஒரு கிண்ணம் கஞ்சி, ரெண்டு கரண்டி பாசிப்பயறு. ஆகாதது எதையும் தொடுறதில்ல." மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "எந்த மாசம் எது ஆகாதுன்னு எல்லாத்தையும் இதுல எழுதி வச்சிருக்கேன்."

நல்ல தடி நோட்டு. ஐப்பசிக்கு மட்டும் பதினோரு பக்கம்.

ஊரில் யாருக்கு வயிற்றைப் பிசைந்தாலும் பூதலிங்கத்திடம்தான் ஓடுவார்கள். கைராசிக்காரர் என்று பெயர். பெயர் என்ன பெயர், அவர் வேட்டியே இடுப்பில் நிற்க மறுத்தது. அரைஞாண் கயிற்றை இழுத்து முடிந்து அதற்குள் வேட்டியைச் சொருகிக்கொண்டு திரிந்தார் மனுஷன்.

அவர் மனைவி செல்லவடிவு தினமும் சமைத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் நோட்டைப் பார்ப்பார். போன வாரம் அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். "நீங்க சாப்பிடுறதப் பாத்துப் பாத்து எனக்கும் பசி போயிட்டு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். அந்த வார்த்தை அவரை உலுக்கிவிட்டது.

"எனக்குப் பசி வேணும் தாயே. வேற ஞானம் ஒண்ணும் வேண்டாம்."

உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் மடத்துக்கு வந்து இப்படிக் கேட்டவர் யாருமில்லை.

"இன்னைக்கு மடத்து வயல்ல நடுகை. இருபத்தாறு பேரு மத்தியானம் சாப்பிட வருவாங்க." மூலையில் கிடந்த பெரிய கூடையைக் காட்டினாள். "அதை எடுத்துக்கிட்டு மேலத்தெருவுக்குப் போங்க. நெறஞ்சதும் வந்துருங்க."

"என்ன வாங்கணும்?"

"ஐப்பசி என்ன குடுக்கோ, அதை."

வைத்தியர் முகம் மலர்ந்துபோயிற்று. இது நம்ம பாடமல்லவா. இந்த மாதத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று நமக்கு வைக்கிற பரீட்சை இது. அப்படித்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

நோட்டை மடியில் சொருகி, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நடுகை நாளில் மடத்துக் கூடை வந்தால், வீட்டில் காய்த்ததில் ஒன்றை எடுத்துப் போடுவது மேலத்தெரு வழக்கம். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. கூடை வாசலில் வந்து நிற்கும், காய் வந்து விழும், அவ்வளவுதான்.

முதல் வீடு ஆவுடையம்மாளுடையது. கூரையில் படர்ந்த கொடியிலிருந்து அறுத்த பூசணிக்காயை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

வைத்தியர் கூடையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. மழைக்காலத்துல பூசணி சீதளம். நெஞ்சுல சளி கட்டிரும்."

"அப்படியாய்யா? பிள்ளைகளுக்கும் இதைத்தான் வைக்கலாம்னு இருந்தேன்."

"வைக்காதீங்க."

இரண்டாவது வீட்டில் சேப்பங்கிழங்கு. சேம்பு கரப்பான், தோலெல்லாம் சொறி வரும் என்றார். மூன்றாவது வீட்டில் பீர்க்கங்காய். பித்தம் என்றார். அடுத்த வீட்டில் தட்டாங்காய் கட்டுக் கட்டாகக் கிடந்தது, பிஞ்சும் முத்தலுமாக. அதைப் பார்த்து, "வாயுவை வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க" என்று கடிந்துகொண்டார். முருங்கைக்கீரை மழையில் செரிக்காது என்றார். ஒரு வீட்டில் அவருக்கே சந்தேகம் வந்து, வாசலில் நின்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

பதினெட்டு வீடு. கடைசி வீட்டில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்தார்கள். கறிவேப்பிலையைப் பற்றி நோட்டில் ஒரு குறையும் எழுதியிருக்கவில்லை. வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு நிறைந்த மனசோடு திரும்பினார்.

உலகம்மை கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"ஆகாததை எல்லாம் தள்ளிட்டேன் தாயே."

"நல்லது." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "அரிசி இருக்கு, பருப்பு இருக்கு, கறிவேப்பிலையும் வந்தாச்சு. இன்னைக்கு அடுப்பு உங்களுது."

"ஐயோ, எனக்குச் சமைக்கத் தெரியாதே."

"கஷாயம் காய்ச்சுவீங்கல்லா? அதே தீதான்."

சொல்லிவிட்டு அம்மிக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வைத்தியர் பானையைப் பார்த்தார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வயலிலிருந்து நடுகைப் பெண்களின் பாட்டு கேட்டது. விடியற்காலையிலிருந்து தூறலில் முழங்கால் சேற்றில் குனிந்து நிற்கிறார்கள். இருபத்தாறு பேர். அவர்கள் வந்து இலை முன்னால் உட்காரும்போது கறிவேப்பிலையை நீட்டுவதா?

வைத்தியருக்குப் பகீரென்றது. கூடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். குடையைக்கூட எடுக்கவில்லை.

மேலத்தெருவில் ஒரு வீட்டிலும் புகை இல்லை. பெண்கள் எல்லாரும் தெருக்குழாயடியில் கூடி நின்றார்கள். வைத்தியரே எல்லாம் ஆகாது என்று சொல்லிவிட்டார், மத்தியானத்துக்கு என்னத்தை வைப்பது என்று ஒரே பேச்சு. ஆவுடையம்மாள் வீட்டு வாசலில் எருமை பூசணிக்காயைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.

"ஆவுடையம்மா, அந்தப் பூசணி..."

"எருமைக்குப் போட்டாச்சே. நீங்கதான சீதளம்னீங்க?"

"முழுசுமா போட்டீங்க?"

"கூரை மேல இன்னொண்ணு கெடக்கு."

"அதைக் குடுங்க."

ஆவுடையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்யா, காலையில சீதளம், மத்தியானம் தங்கமா?"

"மிளகு தட்டிப் போட்டா சீதளம் ஒண்ணும் செய்யாதும்மா. வயித்துக்கு இதமான காய். பிள்ளைகளுக்குத் தாராளமா குடுக்கலாம்."

"இதைக் காலையிலேயே சொல்லப்பிடாதா?"

வைத்தியர் கை மடியிலிருந்த நோட்டைத் தேடிப் போயிற்று. நோட்டில் அதற்குப் பக்கமே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு வாசலாக நின்று சொன்னதை எல்லாம் திருப்பிச் சொன்னார். சேம்பைப் புளித்தண்ணியில வேக வைங்க, கரப்பான் பயமே வேண்டாம். பீர்க்கங்காய்க்குப் பாசிப்பருப்பும் சீரகமும் சேருங்க. தட்டாங்காய்க்குப் பூண்டு, பெருங்காயம். கீரையைக் கடைசியில போட்டு ஒரு கொதியில இறக்கிருங்க. ஒரு வீட்டில் தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். அதையும் சொன்னார். மிளகாய் வத்தல் கிள்ளித் தாளிக்கலாமா என்று இன்னொருத்தி கேட்டாள். தாளிக்கிற வாசனையையே அவர் விவரித்துச் சொல்லிவிட்டார்.

சொல்லச் சொல்ல வாயோரம் ஈரமாயிற்று. தூறல் என்று நினைத்துத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கூடை நிறைந்து வழிந்தது. தலையில் தூக்கிக்கொண்டு அவர் தெருமுனை திரும்பியபோது, பின்னால் ஒவ்வொரு கூரையாகப் புகையத் தொடங்கியிருந்தது.

மடத்து அடுப்பு அதற்குள் தணிந்திருந்தது. மிச்ச விறகு மழையில் நனைந்து கிடந்தது, ஊதினால் புகைதான் வந்தது. வைத்தியர் கையில் கிடைத்ததை எடுத்து வீசு வீசென்று வீசினார். தீ பற்றிக்கொண்டது. தனித்தனியாகச் சமைக்க நேரம் ஏது? ஒரே பானை. அரிசியும் பருப்பும் முக்கால் வேக்காடு வந்ததும், சின்னச் சட்டியில் புளித்தண்ணியில் வெந்த சேம்பு போயிற்று. பிறகு தட்டாங்காய், பூசணி, பீர்க்கங்காய். உலகம்மை தேங்காயும் சீரகமும் வத்தலும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டி நீட்டினாள். கடைசியில் ஒரு கை முருங்கைக்கீரை, மிளகு, காலையில் சீவி வைத்த இஞ்சி. நெய்யில் கறிவேப்பிலை பொரிந்தது.

கூட்டாஞ்சோறு மணந்தது. மடத்து வாசல்வரை மணந்தது.

"வைத்தியரய்யா, எதை வச்சு வீசுதீங்க?" என்றாள் உலகம்மை.

பார்த்தார். நோட்டு. ஓரமெல்லாம் கரி. ஐப்பசிப் பக்கங்கள் புகையில் பழுத்திருந்தன.

"காத்து நல்லா வருது தாயே" என்று சொல்லிவிட்டு மறுபடி வீசினார்.

நடுகைப் பெண்கள் கால் கழுவிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். வைத்தியர் தன் கையால் பரிமாறினார். முதல் கவளம் வாயில் போனதும் பேச்சு நின்றது. சாப்பிடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் சுற்று போனது. பானைக்குள் எட்டிப் பார்த்தார். பாதி காலி.

மூன்றாம் சுற்றில் மாடத்தி இலையை வழித்துவிட்டு நிமிர்ந்தாள். அவள்தான் நடுகைக்குக் கொத்தாள், பெண்களைக் கூட்டி வந்து வேலை வாங்குகிறவள். "இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க அய்யா."

வைத்தியர் மறுபடி பானையைப் பார்த்தார். கரண்டி தயங்கியது.

"போதும்மா. தட்டாங்காய் கொஞ்சமாத்தான் சாப்பிடணும், வாயு..."

அந்த நேரம் பார்த்து அவர் வயிறு கடமுடவென்று உருண்டது. சின்னச் சத்தமில்லை, கடைசி இலை வரைக்கும் கேட்டது.

மாடத்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "வாயு எனக்கா, உங்களுக்கா?"

இருபத்தாறு பேரும் சிரித்தார்கள். உலகம்மை அம்மியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வைத்தியருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கரண்டி நிறைய அள்ளி மாடத்தி இலையில் போட்டார், இன்னொரு கரண்டியும் போட்டார்.

மாடத்தி அதையும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள்.

"உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். பானை அடியைச் சுரண்டி அவருக்குப் போட்டாள். லேசாக அடிப்பிடித்த சோறு, கரைந்துபோன பூசணி, கடித்தால் நழுவுகிற சேம்பு. அவர் நாலு கவளத்தில் முடித்துவிட்டார்.

"சீதளம், பித்தம், வாயு எல்லாம் ஒரே இலையில விழுந்துட்டே" என்றாள் உலகம்மை. "ஒண்ணும் செய்யாதா?"

வைத்தியருக்கு வாய் நிறையச் சோறு. தலையை மட்டும் ஆட்டினார்.

மாடத்தி கடைசிக் கரண்டியை வழித்து எடுத்தாள். வைத்தியர் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டார்.

"ஏன்யா, வயிறு நெறஞ்சிட்டா?"

"எங்க நெறஞ்சிது? அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கு." விழுங்கிவிட்டு உலகம்மை பக்கம் திரும்பினார். "ஒரு தூக்குச்சட்டி கிடைக்குமா தாயே? இதை வீட்டுக்குக் கொண்டு போகணும்."

"காலையிலேயே கழுவிக் கவுத்தி வச்சிட்டேன். அந்தா இருக்கு பாருங்க."

வீட்டில் செல்லவடிவு கஞ்சியை வடித்து ஆறவைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நனைந்து நின்றவரைப் பார்த்தாள், தூக்குச்சட்டியைப் பார்த்தாள், அவர் மடியைப் பார்த்தாள்.

"நோட்டு எங்க?"

"மடத்து அடுப்புக்கு விசிறி இல்லை. குடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டா எடு" என்றார் வைத்தியர்.