வாசல் வணக்கம்

கோவில்பட்டியில் பார்சல் ஆபீஸ் நடத்தும் அய்யாத்துரை முதலாளிக்குக் கெத்து அதிகம். காலையில் அவர் கார் வந்து நின்றால், சுமை தூக்குபவர் முதல் கணக்கர் வரை அத்தனை பேரும் வாசலில் வரிசைகட்டி, ஒவ்வொருவராக வணக்கம் வைக்க வேண்டும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரோ கிழடு. அது கண் விழிப்பதற்குள் பார்சலோடு வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். முதலாளி, பில் போடும் செண்பகவல்லிமேல் பாய்ந்தார்.

"புதுசு வாங்க மாட்டேன். இருக்கிறதுல ஒண்ணையும் அழிக்கவும் கூடாது. நாளைக்கு இது வேகமா ஓடலைன்னா நீ வேற வேலை பாத்துக்கோ."

"சரிங்க முதலாளி."

மறுநாள் நல்ல மழை. காரைவிட்டு இறங்கியவரை வாசலிலேயே நிறுத்தி வணக்கம் வைத்தார்கள். செண்பகவல்லி சொல்லிவைத்தபடி, ஆளுக்கொரு நலவிசாரிப்பு வேறு. உள்ளே போன் அலறியது. முதலாளி நனைந்தார்.

"போய் வேலையைப் பாருங்கய்யா! வேணும்னா நானே கூப்பிடுறேன்!"

"இதையே கம்ப்யூட்டர்கிட்டயும் சொல்லட்டுமா முதலாளி?" என்றாள் செண்பகவல்லி. "ஆன் பண்ணதும் நீங்க ஏத்திவச்ச பாட்டு, ராசிபலன், சீட்டாட்டம் எல்லாம் கூப்பிடாமலே வந்து வரிசையில நிக்குது. பில்லு கடைசியில நிக்குது."

சீட்டாட்டம் என்றதும் கணக்கர் இருமினார். முதலாளி அவசரமாகத் தலையாட்டினார்.

அவள் செட்டிங்ஸுக்குள் போய், தானாகத் திறப்பதையெல்லாம் நிறுத்தினாள். எதையும் அழிக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டாள். முதல் பார்சல் தராசில் ஏறுவதற்குள் பில் திரை வந்துவிட்டது.

அடுத்த நாள் கார் வந்தபோது வாசலில் ஒருவருமில்லை. முதலாளி சற்று நின்று பார்த்துவிட்டு, தானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வணக்கம் முதலாளி," என்று எழுந்தாள் செண்பகவல்லி.

"உக்காரும்மா, பில்லைப் போடு," என்றார்.